சவுக்கு வெட்ட மிஷின் வரட்டும். சாவி நம்ம கையில் இருக்கட்டும்!



கடலூரிலிருந்து புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை வரைக்கும் கடலோர மணலில் சவுக்கு போட்டிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். மரம் நிற்குது, வெட்ட ஆள் இல்லை. கன்று நட வீட்டு ஆட்களே போதும். வெட்டு என்று வந்தால்தான் நம்ம கை கட்டப்படுகிறது. வியாபாரி எப்போது ஆள் கூட்டிக்கொண்டு வருகிறாரோ அப்போதுதான் வெட்டு. அதனாலேயே நின்ற நிலையில் குத்துமதிப்பாக விலை பேசி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கி விடுகிறோம். வெட்டுக்கூலி, பட்டை உரிக்கிற கூலி, ஏற்றுக்கூலி எல்லாம் தன் பொறுப்பு என்று அவர் பெருமையாகச் சொல்வார். அந்தக் கூலி யார் வீட்டுப் பணம்? நமக்கு வரவேண்டிய விலையில் கழித்துக்கொண்ட பணம்தானே!

ஆகவே, சவுக்கு வெட்ட இயந்திரம் வேண்டாம் என்று சொல்கிற ஆட்கள் அல்ல நாம். வேண்டும். எந்த இயந்திரம், அது யார் கொட்டகையில் நிற்கும், வாடகை யார் சொல்வது என்று கேட்கிறோம்.

ஆள் இல்லை என்கிற பேச்சில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு தோப்பிலேயே கிடந்த இருளர் மக்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல்! நம்ம சவுக்கு அப்படிப்பட்ட கையால் வெட்டப்பட்டுப் போவதை நாம் ஏற்க முடியாது. குனிந்து குனிந்து கோடாலி போடுகிற வேலையை மிஷின் எடுத்துக்கொள்ளட்டும். அந்த மிஷினை ஓட்டுகிற வேலை, இதுவரை கோடாலி பிடித்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கட்டும். விவசாயி வேறு, கூலி ஆள் வேறு என்று பிரித்துப் பேசினால் நடுவில் நின்று லாபம் பார்ப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது 'எரிசக்தி மரம்' என்று புதுப்பெயர் சொல்கிறார்கள். சீக்கிரம் வளர்கிற மரத்தை நெருக்கமாக நட்டு, மூன்று நான்கு வருஷத்தில் வெட்டி, சிப்ஸாகத் தூளாக்கி, பாய்லரில் எரித்து மின்சாரமோ நீராவியோ எடுப்பது. நமக்கு இது புதுசா? ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்றுதான் 19ம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரன் சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கை நட்டான். அன்றைக்கு ரயிலுக்கு, அப்புறம் டீக்கடைக்கும் செங்கல் சூளைக்கும், இன்றைக்கு பாய்லருக்கு. 2021 அக்டோபரில் மத்திய மின்சார அமைச்சகம் அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு 5 சதவீதம் பயோமாஸ் கட்டிகளைக் கலந்து எரிக்க வேண்டும் என்று கொள்கை போட்டது. அது பெரும்பாலும் வயல் கழிவை நினைத்துப் போட்டது. ஆனாலும் எரிக்கிற பொருளுக்குத் தேவை கூடினால் சவுக்குத் தோப்பைத் தேடி ஆள் வராமல் இருக்கப் போவதில்லை. வருகிறவர் பெரிய மிஷினோடு வருவார்.

மிஷின் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் ஜோசியம் பார்க்க வேண்டாம். நெல் அறுப்பு மிஷினை எல்லாரும் பார்த்துவிட்டோம். வீராணம் பாசனத்தில் குமராட்சி, கீரப்பாளையம் பக்கம் பெல்ட் மிஷின் வந்தபோது நிம்மதி என்றுதான் நினைத்தோம். நிம்மதிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வானம் கறுத்தால் மணிக்கு என்ன வாடகை என்பதைத் தரகர் சொல்கிறார். டெல்டா மாவட்டங்களில் ஆட்சியர்களே கூட்டம் போட்டு வாடகை நிர்ணயிக்க வேண்டிய நிலை வந்ததே, எதனால்? அரசு மிஷின் போதவில்லை, தனியார் மிஷின் வெளியூரிலிருந்து வருகிறது, தரகர் கையில்தான் கயிறு. அதோடு போச்சா? மிஷின் சிதைத்துப் போட்ட வைக்கோலைக் கட்ட இன்னொரு மிஷின், அதுக்கும் வாடகை. மாடு வைத்திருக்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

கரும்பும் அப்படித்தான். வெட்டு மிஷின் இறங்க வேண்டும் என்றால் பார் அகலமாகப் போடு, நாலரை அடி, ஐந்து அடி விடு என்றார்கள். நிலத்தின் அமைப்பையே மிஷினுக்காக மாற்றினோம். மிஷினில் வெட்டிய கரும்புக்கு சோகை, மண் என்று எடையில் கழிவு வேறு. ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர்க்காரன் வயலுக்கு மிஷின் கடைசியில்தான் திரும்பியது. பெரிய பண்ணை முடிந்த பிறகு!

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். ஸ்வீடன் நாட்டில் வில்லோ என்று ஒரு மரம். 1980களின் கடைசியிலும் 90களிலும் அதை விவசாய நிலத்திலேயே எரிசக்திக்காக நட்டார்கள், சுமார் 15,000 ஹெக்டேர் வரைக்கும் போனது. வெட்டுவதற்கு அவர்கள் முதலில் எடுத்த மிஷின்களில் ஒன்று எது தெரியுமா? ஆஸ்திரேலியாவின் கரும்பு வெட்டு மிஷின்! அதை மாற்றி அமைத்தார்கள். பிறகு மாட்டுத் தீவனம் வெட்டுகிற கிளாஸ் ஜாகுவார் போன்ற மிஷினுக்குத் தலையை மட்டும் மாற்றி, ஒரே ஓட்டத்தில் மரத்தை அடியில் அறுத்து, உள்ளே இழுத்து, சிப்ஸாக்கிப் பக்கத்து டிரெய்லரில் கொட்டுகிற மாதிரி செய்தார்கள். பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மிஷினின் விலைக்கு எந்தத் தனி விவசாயியும் வாங்க முடியாது, ஒப்பந்தக்காரர்தான் வைத்திருப்பார். மானியம் குறைந்ததும் அங்கேயே புது நடவு சுருங்கிப் போனது.

அந்த மிஷினை அப்படியே கொண்டுவந்து நம்ம தோப்பில் இறக்கினால் என்ன ஆகும்?

வில்லோவை அடியோடு அறுத்தாலும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதே வேரில் இருபது வருஷம் வரை பல தடவை வெட்டுவார்கள். நம்ம சவுக்கு அப்படித் துளிர்க்கிற மரமில்லை. வெட்டின பிறகு வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்தால்தான் அடுத்து மணிலாவோ மறுபடி சவுக்கோ போட முடியும். கை ஆள் வெட்டும்போது வேரையும் சேர்த்துச் சாய்ப்பதுண்டு, அந்த வேர்க்கட்டைக்கும் விறகு விலை உண்டு. மிஷின் மேலே மட்டும் அறுத்துக்கொண்டு போய்விடும். ஏக்கருக்கு நாலாயிரம் கட்டை நிலத்தில் நிற்கும். ஜேசிபி வாடகை யார் கொடுப்பது?

அடுத்தது இதைவிட முக்கியம். சவுக்கில் நமக்குக் காசு வருவது தரம் பிரிப்பதில். பருத்த அடிக்கட்டை காகித ஆலைக்கு. நேரான கழி சாரத்துக்கும் பந்தலுக்கும். நுனி மிலார் மட்டும்தான் அடுப்புக்கு. ஒரே ஓட்டத்தில் சிப்ஸாக்குகிற மிஷினுக்குக் கழி எது, மிலார் எது என்று தெரியாது. எல்லாம் ஒரே குவியல், எல்லாம் விறகு விலை. ஒரு கழிக்கு வருகிற காசை விறகு எடையில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் வீட்டிலேயே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். தமிழ்நாடு காகித ஆலை 2004-05 முதல் பண்ணைக் காடு திட்டத்தில் சவுக்கும் தைலமும் நட வைத்து வாங்குகிறதே, அப்படி ஆலை வாசலில் ஒரு கட்டைக்கு இருக்கிற மதிப்பைத் தோப்பு வாசலிலேயே தூளாக்கிவிடலாமா?

பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். இன்று வெட்டி நாலு நாள் கிடந்தால் எடை இறங்கும். சிப்ஸாக்கிக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வெட்டின நாளிலேயே, நம்ம கண் முன்னே எடை போட்டாக வேண்டும். ஈரம் அதிகம் என்று ஆலை வாசலில் கழிக்கிறார்கள். காய்ந்தபின் எடுத்தால் எடை போச்சு. எந்தப் பக்கம் போனாலும் அடி நமக்குத்தான். இதற்கு ஒரு எழுத்துக் கணக்கு இல்லாமல் எந்த மிஷினையும் தோப்புக்குள் விடக் கூடாது.

மண்ணையும் பாருங்கள். ஸ்வீடனில் குளிர்காலத்தில் தரை உறைந்து கல்லாகக் கிடக்கும்போது மிஷினை இறக்குகிறார்கள். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள மிஷின், கூடவே பாரம் ஏற்றிய டிரெய்லர். கடலோர மணல் ஓரளவு தாங்கும், சக்கரம் புதைந்தால் இழுக்க ஆள் தேட வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் ஐப்பசி மழைக்குப் பிறகு அதை இறக்கினால் மண் அமுங்கிப் பாறையாகிவிடும். அடுத்த பயிர் வேர் விடாது. வடிகால் வாய்க்காலும் மண்மேடும் எல்லாம் போச்சு.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர் கூட இல்லை. அந்த மிஷின் திரும்பவே ஒரு ஓரம் வேண்டும். ஸ்வீடனில் இரட்டை வரிசையாக நட்டு, நடுவே ஒன்றரை மீட்டர் விடுகிறார்கள். நாம் மீட்டருக்கு மீட்டர் நட்டிருக்கிறோம். அதாவது எந்த மிஷின் வெட்டும் என்பது நடுகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. கன்று கொடுக்க வருகிறவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறவர், இத்தனை அடி இடைவெளி விடு என்று சொன்னால், எந்த மிஷினுக்காக, அது யாருடையது என்று அப்போதே கேளுங்கள். மூன்று வருஷம் கழித்துக் கேட்டுப் பயனில்லை.

கடலுக்கு நேரே நிற்கிற தோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 சுனாமியில் நம்ம மாவட்டத்தில் அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் முன்னால் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005ல் சயின்ஸ் பத்திரிகையிலேயே ஆய்வு வந்தது. கையால் வெட்டும்போது ஒரு தோப்பு நிற்கும், பக்கத்துத் தோப்பு வளரும். பெரிய மிஷின் வந்தால் வந்த செலவுக்கு ஈடுகட்ட ஒரே வீச்சில் வரிசையாக வழித்துவிடும். கடல் முகப்பை அப்படி மொட்டை அடிக்க விடக் கூடாது.

அப்படியானால் நமக்கு எது வேண்டும்? சின்ன மிஷின்கள் வேண்டும். அறுக்க செயின் ரம்பம், அதோடு ஹெல்மெட், கண்ணாடி, கால் காப்பு, ஓட்டப் பயிற்சி. பட்டை உரிக்க டிராக்டரில் ஓடுகிற மிஷின், ஏனென்றால் வெட்டுவதைவிட உரிப்பதற்குத்தான் ஆள் அதிகம் பிடிக்கிறது. மிலாரை மட்டும் சிப்ஸாக்க ஒரு சின்ன சிப்பர், கழியைத் தொடாமல். வேர்க்கட்டை பிடுங்க ஒரு கருவி. நாலும் சேர்ந்து ஒரு கொட்டகையில் நின்றால் பத்து ஊர் தோப்பு முறை வைத்து வெட்டலாம். வெட்டு நம்ம கைக்கு வந்தால் நின்ற நிலையில் விற்க வேண்டாம், எடை போட்டு விற்கலாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இது நடக்காத காரியமா? 2014-15ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் விவசாயிகள் குழு 10 லட்ச ரூபாய் வரை இயந்திர வங்கி வைக்க 80 சதவீதம் வரை மானியத்துக்கு வழி வைத்தார்கள். அதில் நம்ம ஊருக்குப் பெரும்பாலும் வந்தது டிராக்டரும் ரோட்டவேட்டரும். சவுக்குக் கருவி கேட்டால், அது வனத்துறை விஷயம் என்று ஒரு மேசை, வேளாண் பொறியியல் துறை விஷயம் என்று இன்னொரு மேசை. மரம் எங்க பட்டா நிலத்தில் நிற்கிறது ஐயா, எந்த மேசையானாலும் ஒரு மேசை பதில் சொல்லட்டும்! மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இருக்கிறது, நம்ம கண் எதிரே அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண்புலம் இருக்கிறது. நம்ம மணலிலும் நம்ம களியிலும் மிஷினை ஓட்டிப் பார்த்து, ஏக்கருக்கு எத்தனை மணி, எத்தனை லிட்டர் டீசல், கழி எத்தனை உடைந்தது என்று தமிழில் எழுதி ஒட்டட்டும்.

தானே புயலை மறந்துவிட்டோமா? 2011 டிசம்பர் 30 விடியற்காலை. முந்திரி, பலா, சவுக்கு என்று ஒன்று பாக்கியில்லாமல் சாய்ந்தது. விழுந்த மரத்தை அறுக்க ரம்பம் இல்லை, தூக்க ஆள் இல்லை. விழுந்து கிடந்ததற்கு வாங்க வந்தவர் சொன்னதே விலை. ஊருக்கு இரண்டு ரம்பமும் ஒரு சிப்பரும் நம்ம சொந்தமாக இருந்திருந்தால் அந்த விலைக்குத் தலையாட்டியிருப்போமா? புயல் இனிமேல் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே நமது சங்கத்தின் சார்பில் மாவட்ட ஆட்சியரிடம் கேட்கப் போவது இதுதான். கடலூர், குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், புவனகிரி வட்டங்களில் வட்டத்துக்கு ஒரு சவுக்கு அறுவடைக் கருவி மையம், விவசாயிகள் குழுவின் பெயரில். வாடகையை ஆட்சியர், விவசாயிகள், இயந்திர உரிமையாளர் மூவரும் உட்கார்ந்து வருஷா வருஷம் நிர்ணயித்து ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவருக்கு முன்னுரிமை, பதிவு வரிசைப்படி. வெட்டின அன்றே எடைமேடை ரசீது, ஈரக் கழிவு எவ்வளவு என்பது ஒப்பந்தத்திலேயே எண்ணாக இருக்க வேண்டும். மரம் வெட்டும் தொழிலாளிகளுக்கு அரசு செலவில் இயந்திரப் பயிற்சியும் நலவாரிய அட்டையும். கடல் முகப்புத் தோப்பில் ஒரே நேரத்தில் முழு வெட்டுக்குத் தடை.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று காலை பத்து மணிக்குள் ஆட்சியர் அலுவலக வாசலில் கூடுங்கள். கடைசியாக சவுக்கு விற்றதற்கு வியாபாரி கொடுத்த சீட்டு, எடை ரசீது, கூலி கழித்த துண்டுத்தாள், எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். சீட்டே கொடுக்கவில்லை என்றால், எத்தனை செண்டு தோப்பு, எந்த மாதம் வெட்டினது, எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள். சீட்டு இல்லாத கணக்கு எத்தனை என்று அங்கேயே எண்ணிக் காட்டுவோம்.