தாயா? ஆயாவா?

2017-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி தென்கொரிய அரசியல் சட்ட நீதிமன்றமானது, அந்நாட்டு ஜனாதிபதியாயிருந்த பார்க் கியுன் ஹே அம்மையாரைப் பதவியினின்றும் நீக்கித் தீர்ப்புச் சொல்லிற்று. அதைப் பற்றிப் புசான் சர்வகலாசாலைப் பேராசிரியர் ராபர்ட் கெல்லி என்னும் அமெரிக்கரை பி.பி.சி. தொலைக்காட்சியார் அபிப்பிராயம் கேட்க, அவரும் தம் வீட்டு அறையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார். கதவைத் தாழிட மறந்துவிட்டார். நான்கு வயதுப் பெண் குழந்தை துள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அதன் பின்னால் நடைவண்டியில் கைக்குழந்தையும் வந்து சேர்ந்தது. உடனே ஒரு கொரிய ஸ்திரீ பதைபதைத்து ஓடிவந்து, இரண்டையும் இழுத்துக்கொண்டு போய், மண்டியிட்டபடியே கதவைச் சாத்தினார்.

சங்கதி இவ்வளவுதான். இந்தச் சிறு படம் சில நாட்களுக்குள் கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். அதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் பார்த்தவர்களில் அநேகர் அந்த ஸ்திரீயை ஆயா என்று எழுதிவிட்டார்கள். வேலை போய்விடுமென்ற பயம் அவர் முகத்தில் தெரிகிறதென்று இரக்கப்பட்டவர்களும் உண்டு. உண்மையில் அவர் பேராசிரியரின் மனைவி. அக்குழந்தைகளைப் பெற்ற தாய்!

தோழர்களே! ஒரு தாய், தான் ஆயா இல்லையென்று உலகத்தாருக்குச் சொல்ல வேண்டிய நிலைமை ஏன் வந்தது? படத்தில் கண்டது ஓர் ஆண், இரண்டு குழந்தைகள், ஒரு பெண். ஆணுக்கு வெள்ளைத் தோல். பெண்ணுக்கு ஆசிய முகம். இதற்குமேல் யாதொரு சாட்சியமும் கிடையாது. அப்பெண் வெள்ளைக்காரியாயிருந்தால் எத்தனை பேர் ஆயா என்றிருப்பார்கள் என்று கேட்கிறோம்.

“யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லையே” என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். ஒப்புக்கொள்ளுகிறோம். நமக்கு அச்சமே அதுதான். கெட்ட எண்ணமுள்ளவனையாவது கண்டித்துத் திருத்தலாம். நல்லவன் வாயிலிருந்தும் தானாகவே வருமானால், அது அவ்வளவு ஆழமாய் வேரூன்றிப்போன வழக்கம் என்றுதானே பொருள்?

நிற்க, ஆயா வேலை இழிவென்பது நமது கருத்தன்று. பிறர் குழந்தையை வளர்ப்பவள், உழைக்காமல் உண்ணும் எந்த மடாதிபதியைவிடவும் மேலானவள். ஆனால் முகத்தைப் பார்த்துத் தொழிலை நிர்ணயிப்பது எந்த நியாயம்? பிறப்பைப் பார்த்து, இவன் ஓத வேண்டியவன், இவன் மலமள்ள வேண்டியவன் என்று சொல்லுகிற வருணாச்சிரமத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வெள்ளைக்காரனுக்கு நிறம் என்றால் நம்மவனுக்குச் சாதி, வியாதி ஒன்றேயாகும்.

மற்றொன்றையும் யோசியுங்கள். தாயா, ஆயாவா என்று வாதாடியவர்களில் பலர், குழந்தை வந்ததும் ஓடிவர வேண்டியவள் எப்போதும் பெண்ணாகவே இருப்பானேன் என்று கேட்கவில்லை. அது மட்டும் இயற்கை விதி போலும்!

பகுத்தறிவு என்பது கடவுள் உண்டா, இல்லையா என்கிற விவாதத்தோடு முடிந்துவிடுவதன்று. கண் கண்டது எது, பழக்கம் கற்பித்தது எது என்று பிரித்துப் பார்ப்பதே பகுத்தறிவு. அடுத்த முறை ஒரு வீட்டு வாசலில் நிற்பவரைப் பார்த்ததும், இவர் எஜமானர், இவர் வேலைக்காரர் என்று உங்கள் மனம் தீர்ப்புச் சொல்லுமானால், அத்தீர்ப்பை எழுதிக் கொடுத்தவன் யார் என்று கேட்டுப் பாருங்கள்.