சால்வையின் விலையும் உழைப்பின் கூலியும்

உலகின் மிக உயர்ந்த கம்பளி இழைக்கு காஷ்மீரின் பெயரே இன்றும் வழங்கி வருகிறது. மேலைநாட்டினர் 'காஷ்மியர்' என்றழைக்கும் அந்த இழையின் பெரும்பகுதி இப்போது சீனாவிலும் மங்கோலியாவிலும் கிடைக்கிறது. இந்தியாவின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் லடாக்கின் சாங்தாங் பீடபூமி தரும் பஷ்மினா, நேர்த்தியில் முன்வரிசையில் நிற்கிறது. அதன் பெருமையை ஆட்சியாளர்கள் மேடைதோறும் பேசுகின்றனர். அதை உண்டாக்கும் கைகளுக்கு எட்டுவது என்ன என்பதே கேள்வி.

கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் உயரமான அக்குளிர்ப் பாலையில் சாங்பா மேய்ப்பர்கள் ஆடுகளுடன் இடம்பெயர்ந்து வாழ்கின்றனர். கடுங்குளிரைத் தாங்குவதற்காக ஆட்டின் முரட்டு மயிருக்கு அடியில் மென்மையான உள்முடி வளர்கிறது. அதன் தடிமன் 12 முதல் 15 மைக்ரான் மட்டுமே. குளிர் தணிந்தபின் சீப்பால் வாரி எடுத்தால் ஓர் ஆட்டிலிருந்து ஏறத்தாழ கால் கிலோ தேறும். முரட்டு மயிரையும் அழுக்கையும் நீக்கினால் அதில் பாதிகூட எஞ்சாது.

அந்த இழையை ஸ்ரீநகரின் குறுகிய தெருக்களில் பெண்கள் ராட்டையில் நூற்கின்றனர். பத்து இழைகள் கொண்ட ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்பதே நெடுங்காலமாக நிலவிய கூலி. கண்பார்வையும் முதுகெலும்பும் தேய உழைத்த பெண்கள் பலர் ராட்டையைப் பரணில் ஏற்றிவிட்டனர். மறுபுறம், இழையுடன் நைலானைக் கலந்து இயந்திரத்தில் நூற்று, விசைத்தறியில் நெய்து, பின்னர் அமிலத்தில் நைலானைக் கரைத்துவிடும் வணிகம் பெருகியுள்ளது. 2008இல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் நூற்றுக் கையால் நெய்ததற்கே அக்குறியீடு உரியது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் சால்வையைக் கைத்தறிக்கு ஒதுக்கியுள்ளது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, சந்தையில் இல்லை.

இது புதிய சுரண்டலன்று. டோக்ரா மன்னராட்சி சால்வைத் தொழிலின்மீது கொடிய வரிகளைச் சுமத்தி, நெசவாளரைத் தறியோடு பிணைத்து வைத்திருந்தது. அதை எதிர்த்து 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் ஜல்தகர் மைதானத்தில் நெசவாளர்கள் திரண்டனர். படை ஏவப்பட்டது. தாக்குதலில் சிக்கியும் நீரில் மூழ்கியும் 28 பேர் மாண்டனர். சிகாகோவின் மே தினப் போராட்டத்துக்கு 21 ஆண்டுகள் முந்தைய நிகழ்வு இது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் வழங்கப்படவில்லை.

இன்று நெருக்கடி மேய்ப்பரின் வாசலையும் எட்டியுள்ளது. 2020 எல்லை மோதலுக்குப் பின் பழைய குளிர்கால மேய்ச்சல் வெளிகள் பலவற்றுக்குச் செல்ல இயலவில்லை என்று மேய்ப்பர்கள் முறையிடுகின்றனர். பாங் பகுதியில் 13 ஜிகாவாட் மின்திட்டம் வருகிறது. சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவையே. ஆனால் அந்நிலத்தை நம்பி வாழ்வோரின் ஒப்புதலின்றி அதன் எல்லைகளைத் தில்லி வரையறுப்பது எவ்வகை வளர்ச்சி? 2019இல் லடாக் சட்டமன்றமில்லாத யூனியன் பிரதேசமாக்கப்பட்டதால் அம்மக்களின் குரல் ஒலிக்க அவையும் இல்லை. மாநில உரிமையும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கோரி எழுந்த போராட்டத்தின்போது, 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் நால்வர் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியாயினர். 1865இன் படைக்கும் இதற்கும் இடையே ஆண்டுகள் பல; அணுகுமுறை ஒன்றே.

இழைக்குக் கட்டுப்படியாகும் ஆதார விலை, நூற்கும் பெண்களுக்கும் நெசவாளர்களுக்கும் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி, விசைத்தறிப் போலிகளுக்குத் தடை, வாங்குவதையும் விற்பதையும் இடைத்தரகரிடமிருந்து மீட்கும் வலுவான கூட்டுறவு அமைப்புகள், மேய்ச்சல் நிலத்தின் மீது மேய்ப்பருக்கு உரிமை ஆகியவை உடனடித் தேவைகள். பீடபூமியின் பௌத்த மேய்ப்பரையும் பள்ளத்தாக்கின் இஸ்லாமிய நெசவாளரையும் ஒரே இழை பல நூற்றாண்டுகளாகப் பிணைத்து வந்துள்ளது. மதத்தின் பெயரால் அவர்களைப் பிரிக்க முனையும் அரசியலுக்கு எதிராக, அந்த உழைப்பின் ஒற்றுமையை உரிமைப் போராட்டமாக வளர்ப்பது இடதுசாரி, ஜனநாயக சக்திகளின் கடமையாகும்.