பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருக்கட்டும்

முதலில் ஒரு வாக்குமூலம். ‘ஸீரோ நோ ட்சுகாய்மா’ எனக்குப் பிடித்த தொடர். 2006ல் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்ந்த வருடம், நண்பன் சிடியில் போட்டுக் கொடுத்த பதின்மூன்று அத்தியாயங்களையும் இரண்டே ராத்திரியில் பார்த்து முடித்தேன். லூயிஸுக்காக அழுதும் இருக்கிறேன். ஆகவே, ‘அனிமேயா, அது சின்னப் பசங்க சமாச்சாரம்’ என்று உதடு பிதுக்கும் இலக்கியப் பெரியவர்களின் கட்சியில் தயவுசெய்து என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

என் சண்டை வேறு. போன மாதம் டேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளம் நண்பர் சொன்னார்: “அண்ணா, காதல் வந்து அந்தஸ்தையே உடைக்கிற கதை அது. நம்ம ஆளுங்க கண்டிப்பா பாக்கணும்.” வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். அந்தஸ்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நன்றாகத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ட்ரிஸ்டெய்ன் நாட்டு மந்திரப் பள்ளியில் லூயிஸ் ஒரு மாணவி. எந்த மந்திரம் போட்டாலும் வெடித்துவிடும். வெற்றி விகிதம் பூஜ்ஜியம் என்பதால் பட்டப்பெயரும் ‘ஸீரோ’. ஏவல் பிராணியை அழைக்கும் சடங்கில் மற்றவர்களுக்கெல்லாம் ஏதேதோ விலங்குகள் வருகின்றன. இவளுக்கு மட்டும் சைட்டோ என்ற ஜப்பானியப் பையன் வந்து விழுகிறான். முத்தமிட்டு ஒப்பந்தம் போடுகிறாள். அவன் கையில் முத்திரை விழுகிறது. அப்புறம் வைக்கோலில் படுக்கை, சாட்டையடி, ‘நாயே’ என்ற வசவு. அதிலிருந்துதான் காதல் முளைக்கிறதாம்.

அந்த நாட்டில் மந்திரம் வந்தால் பிரபு, வராவிட்டால் வேலைக்காரன். பிரபுக்களுக்குள்ளும் தரம் உண்டு. நீர், நெருப்பு, காற்று, மண் என்ற பூதங்களில் எத்தனையைச் சேர்த்து மந்திரம் போட முடிகிறதோ, அதைப் பொறுத்துப் புள்ளி, கோடு, முக்கோணம், சதுரம். இதைக் கேட்டதும் ஒரு சிங்கப்பூரனுக்குச் சிரிப்பு வர வேண்டும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் இஎம்3 படித்தவன். தொடக்கநிலை ஐந்தில் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, கடைசிக் குவியலுக்கு வைத்த பெயர் அது. ஜாக் நியோ 2002ல் ‘ஐ நாட் ஸ்டுப்பிட்’ படம் எடுத்தபோது, எங்களைப் பற்றி ஊரே சிரித்தது, அழவும் செய்தது. 2008ல் அந்தப் பிரிவு ஒழிந்தது. உயர்நிலைப் பள்ளியில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவினையும் 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து மறைந்து, பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று ஆகியிருக்கிறது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணைக் கேட்டதும் பெற்றோர் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்று இன்னும் மூன்றுதான், ஒன்று இன்னும் ஒன்றுதான்.

சரி, லூயிஸ் என்ன ஆகிறாள்? இங்கேதான் தொடர் நம்மை ஏமாற்றுகிறது. அவள் மந்திரம் வெடித்ததற்குக் காரணம் திறமையின்மை இல்லை. நான்கு பூதங்களுக்கும் அப்பாற்பட்ட, தொலைந்துபோன ஐந்தாவது சக்தி அவளுக்குள் இருக்கிறது. அதன் பெயர் வெறுமை. தமிழில் எடுத்திருந்தால் ‘சூனியம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். இன்மைக்கும் அதுதான், பூஜ்ஜியத்துக்கும் அதுதான், மந்திரவாதத்துக்கும் அதுதான். ஆக, நாம் இவ்வளவு நேரம் கடைசி பெஞ்சுக்காரி என்று நினைத்து அழுதது எல்லாரையும்விட உயர்ந்த ஒருத்திக்காக. போதாததற்கு, ஒரு டியூக்கின் மகள் வேறு. பள்ளி அவளைத் தப்பாக அளந்துவிட்டது என்பதுதான் தொடரின் புகார். அளவுகோல் எதற்கு என்ற கேள்வி அதற்குத் தோன்றவே இல்லை.

உண்மையான பூஜ்ஜியம் அந்தப் பள்ளியில் இருக்கிறாள். பெயர் சியெஸ்டா. சமையலறையிலும் துணி துவைக்கிற இடத்திலும் வேலை செய்கிற பெண். மந்திரம் கிடையாது, ரகசிய வம்சம் கிடையாது. பட்டினி கிடக்கும் சைட்டோவுக்கு முதலில் சோறு போடுகிறவள் அவள்தான். மோட் என்ற பிரபு அவளைத் தன் மாளிகைக்கு எடுத்துக்கொண்டு போகிறான். சைட்டோ ஒரு புத்தகத்தைக் கொடுத்து மீட்டு வருகிறான். ஒரு பெண்ணின் விலை ஒரு புத்தகம், அதையும் நகைச்சுவையாக்கிவிட்டார்கள். மற்றபடி சியெஸ்டாவுக்குக் கொடுத்திருக்கும் வேலை லூயிஸைப் பொறாமைப்பட வைப்பது. வீட்டுக்கு வீடு பணிப்பெண் இருக்கிற ஊரில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறேன். என்னால் சிரிக்க முடியவில்லை.

முதல் பருவத்தின் முடிவில் லூயிஸ் தன் தகுதியை எப்படி நிரூபிக்கிறாள்? சியெஸ்டாவின் ஊரில் அவளுடைய கொள்ளுத்தாத்தா விட்டுப்போன விமானத்தில் ஏறிப் போய், எதிரிக் கப்பற்படையை ஒரே மந்திரத்தில் அழிக்கிறாள். அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜப்பானிய ‘ஸீரோ’ போர் விமானம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இருந்த தீவு இது. மலாயாத் தோட்டத் தமிழர்களைச் சயாம் ரயில்பாதைக்கு ஓட்டிக்கொண்டுபோன கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்கு அந்த விமானம் காதல் வாகனமா? பதினேழு வயதில் நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வெட்கம். ஒரு பெண் பூஜ்ஜியம் இல்லை என்று காட்ட ஒரு கடற்படை எரிய வேண்டியிருக்கிறது.

நியாயமாகவும் பேசிவிடுகிறேன். தோற்றவளின் கோபத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த மந்திரப் பள்ளிக் கதைகள் குறைவு. குகிமியா ரியேவின் குரலில் அந்தத் திமிருக்கு அடியில் ஒரு நடுக்கம் இருக்கிறது. மூலக்கதை எழுதிய யமாகுச்சி நொபொரு 2013ல் நாற்பத்தொரு வயதில் புற்றுநோயில் இறந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து இன்னொருவர் எழுதி முடித்தார். அவ்வளவு பேர் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அந்த அன்பு பொய்யில்லை. அந்த அன்புக்குத் தொடர் வைக்கிற நிபந்தனைதான் எனக்கு ஒவ்வவில்லை.

அந்த நிபந்தனை எனக்கு நன்றாகத் தெரியும், நானே அதில் சம்பாதித்திருக்கிறேன். இஎம்3ல் எங்களுக்குத் தமிழ் அடிப்படை நிலைதான். அப்படிப்பட்டவன் இன்று தமிழில் எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு நூல் வெளியீட்டில் என்னை மேடைக்கு அழைத்தவர், “இஎம்3 மாணவர் எழுத்தாளரான அதிசயம்” என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. நானும் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி வரிசையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் இருந்தான். இப்போது லாரி ஓட்டுகிறான். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அப்புறம் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டான்: “உன்னத் தப்பாப் பிரிச்சிட்டாங்கனுதானே கை தட்டுறாங்க. அப்ப எங்களையெல்லாம் சரியாத்தான் பிரிச்சாங்களாடா?”

பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவனுக்குள் ஐந்தாவது சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நல்லவன். அவன் மகள் அவன் வந்தால்தான் சாப்பிடுவாள். அது போதாதா?

போதும் என்று சொன்ன ஒரு கதை இருக்கிறது. டோரேமோன். ஃபுஜிகோ ஃபுஜியோ 1969ல் தொடங்கியது. நொபிதா பரீட்சையில் பூஜ்ஜியம் வாங்குகிறான், திரும்பவும் பூஜ்ஜியம் வாங்குகிறான். குறி பார்த்துச் சுடுவதும் படுத்தவுடன் தூங்குவதும் போன்றவைதான் அவனுக்குத் தெரிந்த வித்தைகள். எந்த அத்தியாயத்திலும் அவன் மறைந்திருந்த மேதையாக வெளிப்படுவதில்லை. இருந்தும் ஷிசுகா அவனைக் கட்டிக்கொள்ளப்போகிறாள். குழந்தைகளுக்கான கார்ட்டூன் என்று நாம் தள்ளிவைத்த கதைக்கு இருந்த துணிச்சல், பெரியவர்களின் காதல் கதைக்கு இல்லை.

என் அக்கா மகள் இப்போது உயர்நிலை ஒன்று. கணக்கு ஜி1. “மாமா, லூயிஸ் கதை நல்லா இருக்குமா? பாக்கலாமா?” என்று கேட்டாள். பாரும்மா என்றேன். முழுசாகப் பார். பார்த்து முடித்ததும் வா, லூயிஸைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், நாம் சியெஸ்டாவைப் பற்றிப் பேசலாம்.