ஒன்பது வீதம் யாருக்குப் போதும்?

2025 முடிந்ததோடு அந்த 12 வீத வட்டியும் முடிந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில் ஊழியர் சேமலாப நிதியின் கையில் திணிக்கப்பட்ட புதிய திறைசேரி முறிகளுக்கு இனி 9 வீத வட்டிதான். கடைசி முறி முதிர்வடையும் 2038 வரை அவ்வளவே. அன்றைக்கு 12 என்பதை உரக்கச் சொன்னவர்கள் 9 என்பதை வாய்க்குள் சொன்னார்கள். பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் தேயிலைத் தோட்டங்களில் பேர் போட்டுக்கொண்டிருப்பவர்களிடம் எதையுமே சொல்லவில்லை.

அந்த மறுசீரமைப்பு நடந்த விதத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஜூன் 30 ஐ விசேட வங்கி விடுமுறையாக்கி, முன்னே ஹஜ் பெருநாளையும் பின்னே வார இறுதியையும் போயாவையும் சேர்த்து, ஐந்து நாள் வங்கிகளை மூடிவைத்தார்கள். நடுவில் வந்த சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி அதை 122க்கு 62 வாக்குகள் என்று நிறைவேற்றினார்கள். சேமலாப நிதி விரும்பினால் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். விரும்பாவிட்டால் முறி வருமானத்தின் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்றார்கள். கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டுவிட்டு சம்மதம் வாங்கினோம் என்றார்கள். அதே திறைசேரி முறிகளை வைத்திருந்த வங்கிகளுக்கு இந்த வினை இல்லை. அவை ஏற்கெனவே போதுமான சுமையைத் தாங்கிவிட்டனவாம்.

தோட்டத்தில் சுமை எவ்வளவு என்று பார்ப்போம். 2025 இல் இருந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 8 வீதமான 108 ரூபாய் கைக்கு வருமுன்பே கழிபட்டது. நிர்வாகம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். கொழுந்து நிறை குறைந்து அரைப்பேராகிவிட்டால் சேமிப்பும் பாதியாகிவிடும். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் இந்தக் காசு கிடைக்கும். லயத்துக் கூரை மாற்றவோ மகளைக் கட்டிக்கொடுக்கவோ, அதுவரை பட்ட கடனை அடைக்கவோ பெரும்பாலான குடும்பங்களுக்கு வேறு பிடி இல்லை. அதையும் லேசில் எடுத்துவிட முடியாது. செக்ரோல் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து கூடிய பெயர் என்றால் போதும், தோட்டத்து ஒப்பீசுக்கும் பதுளை தொழில் அலுவலகத்துக்கும் நடையோ நடை. அந்த ஓரெழுத்துக்காக ஒரு சத்தியக்கடதாசி, அதற்கொரு கட்டணம், போய்வர பஸ் காசு, அன்றைய பேரும் போச்சு.

இப்போது மறுபக்கம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்த பிறகு, சர்வதேச இறையாண்மை முறிகளை வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு வங்கி 25 கோடி டொலருக்கும் மேல் கேட்டு நியூயோர்க் நீதிமன்றத்துக்குப் போனது. மற்றவர்கள் குழுவாகச் சேர்ந்து, பெரிய சட்ட நிறுவனத்தையும் நிதி ஆலோசகரையும் அமர்த்திக்கொண்டு பேசினார்கள். 2024 டிசம்பரில் முடிந்த உடன்பாட்டில் முதலில் 27 வீதத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பது உண்மை. விட்டதைத் திரும்பப் பிடிக்கும் வழியையும் கூடவே எழுதி வாங்கினார்கள் என்பதும் உண்மை. 2025 முதல் 2027 வரை டொலர் கணக்கில் நாட்டின் உற்பத்தி குறித்த அளவைத் தாண்டினால், 2028 இலிருந்து அவர்களுக்குச் சேர வேண்டியது கூடும். முறிகளை எந்த நாட்டுச் சட்டம் ஆள வேண்டும் என்பதில்கூட, நியூயோர்க் சட்டம் வேண்டாமென்றால் இங்கிலாந்துச் சட்டத்துக்கோ டெலவெயர் சட்டத்துக்கோ மாற்றிக்கொள்ளும் தெரிவு அவர்களுக்கு உண்டு.

நாடு வளர்ந்தால் அவர்களுக்குக் கூடும். தேயிலை விற்று அந்த டொலரைக் கொண்டுவருகிறவளுக்கு 9 வீதம், வளர்ந்தாலும் 9, வளராவிட்டாலும் 9. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் நல்ல விலை தேடித் தரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் காய்ந்த காற்றில் கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்த உடன்பாட்டில் ஒரு வரி இல்லை.

அவளுக்காகப் பேசியது யார்? 1958 ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டப்படி இந்தக் காசுக்குக் காவல் மத்திய வங்கி. அரசுக்காகக் கடன் முறிகளை ஏலத்தில் விட்டுவந்ததும் அதே மத்திய வங்கிதான். கடன் கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் ஒரே தரகர் என்றால் பதுளைச் சந்தையில் மாடு வாங்குபவர்கூட யோசிப்பார்.

காவலின் பழைய லட்சணத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இந்த நிதியைப் பங்குச் சந்தைக்குள் இறக்கி வாங்கிய பங்குகள் பாராளுமன்றக் குழுவின் விசாரணை வரை போயின. 2015 பெப்ரவரி 27 இல் 100 கோடி ரூபாய்க்கென்று அறிவித்த முறி ஏலத்தில் 1,000 கோடிக்கும் மேல் ஏற்றார்கள். பிறகு சந்தையில் விலை ஏறிய முறிகளை வாங்கிச் சேமலாப நிதியின் தலையில் கட்டினார்கள். ஜனாதிபதி ஆணைக்குழு அமர்ந்தது, தடித்த அறிக்கை வந்தது. பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்ட 2022 இலும் அங்கத்தவர் கணக்கில் விழுந்தது 9 வீதம். அரசுக்குச் சொந்தமான தோட்டங்களே தொழிலாளரிடம் பிடித்த சேமலாபக் காசைக் கட்டாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த கதை தனி. தனியார் கம்பனி செய்தால் வழக்கு, அரசு செய்தால் நிலுவை!

9 வீதத்துக்கு உத்தரவாதம் உண்டே என்கிறார்கள். உத்தரவாதம் கொடுப்பது யார்? கைவிரித்த அதே அரசு. சந்தை வட்டி இன்று தாழ்வாக இருக்கலாம். 2038 வரை அப்படியே இருக்குமென்று இவர்களில் ஒருவராவது எழுதித் தருவாரா? பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள், மீட்சியின் லாபத்தை முறிகாரருக்கு மட்டும் ஏன் எழுதிக்கொடுத்தார்கள்? ஆட்சி மாறியது, பேச்சு மாறியது. முன்னையவர்கள் எழுதிவைத்த கணக்கை எதிர்க்கட்சி வரிசையில் இருந்து திட்டியவர்கள், அதிகாரத்துக்கு வந்ததும் அதே கணக்கில் கையெழுத்தை வைத்தார்கள்.

சேமலாப நிதியின் காவலையும் அரசின் கடன் தேவையையும் ஒரே கூரையின் கீழ் இனியும் வைத்திருக்கக் கூடாது. பாடுபட்டுச் சேர்த்தவர்களின் குரலுக்கு, தோட்டத்தின் குரலுக்கும் சேர்த்து, அங்கே உண்மையான இடம் வேண்டும். அதற்குச் சட்டத்தைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா என்பதை அறிந்தவர்கள் சொல்லட்டும். 2028 இல் வெளிநாட்டு முறிகாரருக்குக் கூடுதல் தொகை கணக்கிட உட்காரும்போது, இந்த 9 வீதமும் அதே மேசைக்கு வந்தாக வேண்டும்.