கனவு யாருக்குக் கட்டளை?

உறக்கத்தில் தோன்றும் கனவின் வழியாக இறைவன் மாந்தர்க்கு நெறிகாட்டுகின்றான் என்னும் நம்பிக்கை மிகத் தொன்மையானது. யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் போற்றும் முன்னோர் வரலாறுகளில் அது ஆழப் பதிந்துள்ளது. நம் பாப்பாரப்பட்டி வட்டாரத்திலும் விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று கூறும் பாட்டிமார் இன்றும் உளர். அந்நம்பிக்கையைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஒருவர் கண்ட கனவு யார்மீது கடமையைச் சுமத்துகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

இவ்வினா எழக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி திடீரென வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். உசாவியபோது, அவள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தீக்கனவு கண்டார் என்றும், பெண்பிள்ளை வெளியே சென்று படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என அதற்குப் பொருள் கொண்டார் என்றும் அறிந்தோம். கனவு கண்டவர் ஒருவர். கல்வியை இழந்தவள் மற்றொருத்தி. பெரியவரின் சொல்லுக்கு மறுப்புரைக்கத் தயங்கி நாமும் வாளாவிருந்தோம். அம்மௌனம் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

எபிரேய மறைநூல் காட்டும் கனவுகளை இக்கண்கொண்டு நோக்குவோம். கேரார் நாட்டு மன்னன் அபிமெலேக்கு, இப்ராஹீம் நபியின் துணைவியார் சாரா அம்மையாரைத் தன் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டான். இரவில் கனவில் தோன்றி இறைவன் அவனை எச்சரித்தான். அவன் அம்மையாரைத் திருப்பி அனுப்பினான். யாக்கோபைத் துரத்திச் சென்ற மாமன் லாபானுக்கும் கனவில் எச்சரிக்கையே வந்தது. இவ்விரண்டிலும் கனவு வலியவனின் கையைத் தடுத்து, எளியவரின் உரிமையைக் காத்தது.

யூசுப் நபியின் வரலாறு மேலும் தெளிவானது. பதினேழு வயதில் கனவு கண்ட யோசேப்பு, பார்வோன் முன் நின்றபோது முப்பது வயதினர் என்கின்றது தொடக்கநூல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் அடிமை வாழ்வும் சிறையும் அவர் ஏற்ற துன்பங்கள். ஏழு கொழுத்த பசுக்களையும் ஏழு மெலிந்த பசுக்களையும் கண்ட மன்னனின் கனவுக்குப் பொருள் உரைக்குமுன், அவ்வாற்றல் தமதன்று, இறைவனுடையது எனப் பணிந்து கூறுகின்றார். பின்னர் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க வழி சொல்கின்றார். கனவு கண்டவன் அரசன். களஞ்சியம் நிரப்பும் கடமையும் அவ்வரசுக்கே உரியதாயிற்று.

கனவு என்று சொல்வதையெல்லாம் அம்மறைநூல் ஏற்றுவிடவுமில்லை. கனவு கண்டதாகப் பொய்யுரைத்து மக்களை மயக்குவோரை எரேமியா கடிந்துரைக்கின்றார். அத்தகைய கனவைப் பதர் என்றும் இறைவாக்கை மணி என்றும் பிரித்துக் காட்டுகின்றார்.

நம் தமிழிலும் இந்நெறி உண்டு. சிலப்பதிகாரத்தில் கொற்றக்குடையும் கோலும் சாய்வதாகக் கோப்பெருந்தேவி கனவு காண்கிறாள். அக்கனவு குறித்தது அரியணையின் பிழையையே. நீதி கேட்டு வந்த கண்ணகியைத் தடுக்க அது பயன்படவில்லை.

‘இப்ராஹீம் நபியின் கனவு மகனின் உயிரையே கேட்டதன்றோ?’ எனப் பெரியோர் வினவலாம். தக்க வினாவே. தொடக்கநூல் இந்நிகழ்ச்சியைக் கனவாகக் கூறவில்லை. திருக்குர்ஆனின் 37ஆம் அத்தியாயம் கனவாகவே கூறுகின்றது. ஆனால் அந்நபி கனவை மகனிடம் எடுத்துரைத்து, அவர் கருத்து யாதென வினவுகின்றார். இறைத்தூதரான தந்தையே மகனின் உள்ளத்தைக் கேட்டறிந்தாரெனில், நாம் எம்மாத்திரம்? தீக்கனவு கண்டால் இறைவனிடம் பாதுகாவல் தேடுக, அதனைப் பிறரிடம் சொல்லற்க என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. அந்தப் பெரியவர் இவ்வறிவுரையைப் பின்பற்றியிருந்தால் ஒரு பெண்ணின் கல்வி தடைபட்டிராது.

கனவு என்னும் சொல்லுக்கு இலட்சியம் என்ற பொருளும் வழங்குகின்றது. அப்பொருளில் கனவு கண்ட ஒருவரை இம்மண் அறியும். தியாகி சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயுடன் மீண்டார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதா ஆலயம் எழுப்ப விழைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயத்தைக் காணாமலே 1925 சூலை 23ஆம் நாள் சிவா இவ்வூரில் மறைந்தார். நினைவாலயம் திறக்கப்பட்டது 2021இல்தான். தம் கனவின் சுமையை அவர் தம் நோயுற்ற உடலாலேயே சுமந்தார்.

ஆகவே சமுதாயப் பெரியோரை நாம் வேண்டுவது ஒன்றே. கனவு உங்களுக்கு வந்ததாயின், அது உங்களிடம் என்ன கேட்கின்றது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் வாழ்வைத் தொடும் முடிவாயின், அப்பிள்ளையை அழைத்து அமர்த்திக் கேளுங்கள். மாணவியரே, அத்தகைய நிலை உங்களுக்கு நேர்ந்தால் உங்கள் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். இனி நாம் வாளாவிருக்க மாட்டோம்.