எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலே பொருத்திய கணினியில் விண்டோஸ் நிறுவும்போது அது நத்தைபோல ஊர்ந்தால், நம்மவர் உடனே வழங்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "மெஷின் பழசு, மாத்துங்க." தீர்ப்புச் சொல்பவர் வழக்கை விசாரித்திருக்கமாட்டார். விற்பவரே நீதிபதியாகவும் அமர்ந்திருக்கும் மன்றத்தில் விசாரணைக்கு அவசியமும் இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, ஒரு கம்பியின் பிழைக்காக முழுக் கணினியையும் நாம் ஒதுக்கிவிடுகிறோம். இது அறியாமையால் வரும் செலவு. அந்தச் செலவு ஏழை வீட்டில்தான் அதிகம் சுடுகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2015 இல் வெளியான விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஓ, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. ஆகவே பழைய கணினி வைத்திருக்கும் பலரும் விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாக நிறுவும் கட்டாயத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பதை எங்கள் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. பெயர் எதுவானாலும், நிறுவும்போது படும் பாடு ஒன்றுதான்.

கித்துல்கலவை வெளியுலகம் இரண்டு காரணங்களுக்காக அறியும். 1957 இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' திரைப்படத்தின் பாலம் அங்கேதான் களனி கங்கையின்மீது கட்டப்பட்டுத் தகர்க்கப்பட்டது. இன்று அதே ஆற்றில் சுற்றுலாப் பயணிகள் இறப்பர்ப் படகில் துள்ளிச் செல்கிறார்கள். அப்பகுதியின் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்வது பலர் கண்ணுக்குப் படுவதில்லை.

அத்தகைய தோட்டம் ஒன்றில் வசிக்கும் என் தங்கையின் மகன் உயர்தர வகுப்பு மாணவன். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட தாய்ப்பலகை, எங்கோ கிடைத்த 500 ஜிகாபைட் வன்தட்டு, நண்பன் கொடுத்த பெட்டி என்று சேர்த்து ஒரு கணினியைத் தானே பொருத்திவிட்டான். நிறுவத் தொடங்கியபோதுதான் வினை. ஆறு மணித்தியாலம் கடந்தும் வேலை பாதிக்கு வரவில்லை. "மாமா, நிக்கவும் இல்ல, ஓடவும் இல்ல" என்றான் தொலைபேசியில். பக்கத்து நகரத்துக் கடையொன்றுக்குச் சுமந்துசென்று காட்டினான். தாய்ப்பலகை, செயலி, நினைவகம் மூன்றையும் மாற்றவேண்டும், அறுபதினாயிரம் ரூபா ஆகும் என்றார்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் அறுபதினாயிரம் ரூபா என்பது 44 நாள் கொழுந்து. அதன்பின் வந்த உயர்வைச் சேர்த்தாலும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அந்தத் தொகையைக் கேட்பவர் ஒருமுறை திறந்தாவது பார்க்கவேண்டாமா?

நான் பொறியியலாளன் அல்லன்; கலைப்பட்டதாரி. ஆனால் செய்தியறையில் நாங்கள் பழகிய கேள்விகள் இங்கும் உதவும். எங்கே நடந்தது? எப்போது நடந்தது? ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலா? அந்நேரம் அங்கே யார் யார் இருந்தார்கள்? இந்நான்கையும் கேட்டாலே சந்தேக நபர்களின் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் 'எங்கே' என்பதைப் பார்ப்போம். நிறுவும் திரை தோன்றுவதற்கு முன்பே தாமதமென்றால் ஐயம் பென் டிரைவின்மீதும் அது செருகப்பட்ட துளையின்மீதும் விழும். கோப்புகள் பிரதியாகும்போது தாமதமென்றால் வன்தட்டும் அதன் வடமும் விசாரணைக்கு வரவேண்டும். மறுதொடக்கத்துக்குப் பின் 'தயாராகிறது' என்ற நிலையிலேயே நின்றால், இணையத்திலிருந்து புதுப்பிப்புகள் இறங்கிக்கொண்டிருக்கக்கூடும். இணைப்பு மெதுவாக உள்ள ஊர்களில் இது சாதாரணம். எப்போதும் ஒரே வீதத்தில் நின்றால் பெரும்பாலும் பென் டிரைவில் உள்ள கோப்பு சிதைந்திருக்கும். இடம் மாறி மாறி நின்றால் வடத்தையோ நினைவகத்தையோ பார்க்கவேண்டும்.

அடுத்தது எளிய கணக்கு. விண்டோஸ் நிறுவும் கோப்புகளை ஏறத்தாழ 5 ஜிகாபைட் என்று கொள்வோம். யூஎஸ்பி 2.0 துளை நடைமுறையில் செக்கனுக்குச் சுமார் 30 மெகாபைட் கடத்தும். அப்படியானால் முழுவதையும் வாசிக்க மூன்று நிமிடம் போதும். "பழைய யூஎஸ்பி, அதனால்தான் ஆறு மணித்தியாலம்" என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஆனால் அத்துளை ஏதோ காரணத்தால் யூஎஸ்பி 1.1 இன் வேகத்துக்கு இறங்கியிருந்தால் கதை வேறு. செக்கனுக்கு ஒரு மெகாபைட்டளவே கிடைக்கும்; வாசிப்புக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். பென் டிரைவைப் பெட்டியின் முன்பக்கத் துளையிலிருந்து எடுத்து, பின்பக்கம் தாய்ப்பலகையோடு நேராக உள்ள துளையில் செருகிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். காசில்லாத சோதனை. எங்கள் பையன் அதைச் செய்தான், மாற்றம் இல்லை. ஒரு சந்தேக நபர் விடுதலையானார்.

பிறகு வன்தட்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். ஒரு பகுதியை வாசிக்க முடியாவிட்டால் அது தோல்வியை உடனே ஒப்புக்கொள்ளாது. சுற்றிச் சுற்றி வந்து மறுபடி மறுபடி முயலும். அத்தனை நேரமும் நிறுவும் மென்பொருள் வாய்மூடிக் காத்திருக்கும். திரையில் நாம் காண்பது அந்த மௌனத்தைத்தான்.

வன்தட்டு தன் நோய்க்குறிப்பைத் தானே எழுதிவைத்துக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் ஸ்மார்ட். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயங்கும் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் இருந்தால், வட்டுகளுக்கான பயன்பாட்டைத் திறந்து அதை வாசிக்கலாம். இலக்கம் 5, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இலக்கம் 197, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். இவை கூடிக்கொண்டே போனால் தட்டு சாகிறது. அப்போது நிறுவுவதை நிறுத்திவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் முதலில் காப்பாற்றுங்கள். இலக்கம் 199 வேறு வகை. தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு செல்லும் வழியில் சிதைந்த தடவைகளை அது சொல்லும். அநேகமாக வடத்தின் குற்றம். அவ்வெண் ஒருபோதும் குறையாது; கூடுகிறதா என்பதே கேள்வி.

எங்கள் பையன் குறித்து அனுப்பியதில் 5 உம் 197 உம் பூச்சியம். 199 மட்டும் ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் ஏறியிருந்தது. சில நூறு ரூபாவுக்கு ஒரு புதிய சாட்டா வடம் வாங்கினான். அடுத்த முறை ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. அறுபதினாயிரம் எங்கே, சில நூறு எங்கே?

இது புதிய கதையும் அன்று. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பட்டையான ஐடிஈ வடங்கள் இருந்தன. 40 கம்பி வடமும் 80 கம்பி வடமும் ஒரே செருகியில் பொருந்தும். ஆனால் வேகமான தட்டுகளுக்கு 80 கம்பி வேண்டும். கடத்தலில் பிழைகள் மீண்டும் மீண்டும் நேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு தரவையும் செயலியே சுமக்கும் பழைய முறைக்கு இறங்கிவிடும். அக்காலத்திலும் வடத்தின் பிழைக்குக் கணினி பழி சுமந்தது.

வேறு சந்தேக நபர்களும் உண்டு. நினைவகத் தகடு இரண்டிருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு நிறுவிப் பாருங்கள், பிறகு மற்றதை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஓர் இரவு முழுதும் ஓடவிடலாம். செயலியின்மீதுள்ள பசை காய்ந்திருந்தாலோ, புதிய குளிர்விப்பானின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருந்தாலோ, செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் கணினி ஓடலாம். குற்றவாளி யாரென்று தெரியாது.

மலைநாட்டு ஈரத்தையும் இங்கே சொல்லவேண்டும். கித்துல்கல போன்ற பெருமழை ஊர்களில் பாவித்த வடத்தின் முனையிலும் நினைவகத் தகட்டின் தொடுகையிலும் களிம்பு பிடிப்பது இயல்பு. கழற்றித் துடைத்து மீண்டும் செருகுவதே பாதி வைத்தியம். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கினால் மின்செருகியை மட்டுமன்றி இணைய வடத்தையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் இரண்டு வழியாலும் வரும்.

இவ்வளவும் இரகசிய வித்தை அன்று. ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கிறது. தமிழில் தேடினால் பணிசெயல் முறைமைக்கு வரைவிலக்கணம் கிடைக்கும்; இலக்கம் 199 என்ன சொல்கிறது என்பது எளிதில் கிடைக்காது. பிள்ளைகள் வரைவிலக்கணத்தை எழுதி நல்ல புள்ளி பெறுகிறார்கள். ஆனால் வீட்டுக் கணினி நின்றவுடன் கடைக்காரர் சொல்வதைத் தலையாட்டி ஏற்கிறார்கள். தவறு பிள்ளைகளிடம் இல்லை. பாடசாலைக் கணினி அறைகளின் மூலையில் பழுதென்று ஒதுக்கப்பட்ட பெட்டிகளைக் கண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றையாவது மாணவர் கையில் கொடுத்து, "என்ன நோய் என்று கண்டுபிடியுங்கள்" என்று சொல்லலாகாதா? ஒரு தவணைக்கு ஒரு பெட்டி போதும்.

கடைக்காரர் அனைவரும் ஏமாற்றுபவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு வடத்தைக் கண்டுபிடிப்பவருக்கு அந்த உழைப்புக்கான கூலியைக் கொடுக்க நாமும் பழகவில்லை. பொருளுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்கமாட்டோம். அதனால் அவர் பொருளை விற்கிறார். சோதித்துச் சொல்வதற்கு என்று ஒரு நியாயமான கட்டணத்தைக் கேட்கவும் கொடுக்கவும் இரு தரப்பும் துணிந்தால், பல கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் உயிர்வாழும்.

அதுவரை கடைக்குப் போகுமுன் மூன்றைக் குறித்துக்கொண்டு போங்கள்: எந்தக் கட்டத்தில் தாமதம், எத்தனை முறை முயன்றீர்கள், 5, 197, 199 ஆகியவற்றின் எண்கள் என்ன. அந்தத் துண்டுக் காகிதத்தைக் கண்டால் எந்தக் கடைக்காரரும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.