காசும் போச்சு, காரும் போச்சு

2014 டிசம்பரில் யுபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமை வெளியிட்டது. மொத்த அமெரிக்காவையும் சுருக்கி ஒரே வரைபடத்துக்குள் அடைத்திருந்தார்கள். நியூயார்க்கில் காரைக் கிளப்பினால் லாஸ் ஏஞ்சலிஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டே போகலாம். பந்தயமெல்லாம் வேண்டாம் என்று சும்மா ஊர் சுற்றியவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். தனி ஆளாக விளையாடுகிற கதைப் பகுதியும் அதில் இருந்தது. ஆனால் அதற்கும் இணையத் தொடர்பு கட்டாயம் என்று வடிவமைத்திருந்ததால் அதுவும் சேர்ந்தே செத்தது. கடைக்குப் போய் டிஸ்க்காக வாங்கியவருக்கும் அதே கதிதான். கொஞ்ச நாளில், கணக்கிலிருந்த லைசென்ஸையே பறித்துக்கொண்டார்கள் என்று வாங்கியவர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள்.

‘சரிப்பா, கேம்தானே? இதுக்குப் போயா இவ்வளவு?’ என்று கேட்கும் இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம்தான் பேசுகிறேன்.

உங்கள் அலமாரியில் பழைய புத்தகக் கடையில் பிடித்த நாவல் ஒன்றாவது இருக்கும். பதிப்பகம் மூடி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அதற்காகப் பதிப்பாளர் ராத்திரியோடு ராத்திரியாக வந்து அதை உருவிக்கொண்டு போவதில்லை. காகிதத்துக்கு இருக்கிற இந்தச் சாதாரண கௌரவம் மின்னூலுக்குக் கிடையாது. 2009-இல் கிண்டிலில் ஆர்வெல்லின் ‘1984’ வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அமேசான் அதை அழித்தது. அந்தப் பதிப்பைப் போட்டவருக்கு உரிமை இல்லையாம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். (அழிப்பதற்கு வேறு புத்தகமே கிடைக்கவில்லையா என்று இன்றைக்கும் தோன்றும்.) ஆக, இது கேம் பிரச்சினை மட்டும் இல்லை. கேம்காரன் முதலில் அடிவாங்குகிறான், அவ்வளவுதான்.

பிரச்சினையின் வேர் ‘வாங்கு’ என்ற பட்டனில் இருக்கிறது. நீங்கள் வாங்குவது கேம் இல்லை, அதை விளையாட ஓர் அனுமதி. எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும் என்று யாரும் படிக்காத ஒப்பந்தத்தின் உள்ளே எழுதியிருக்கும். கலிஃபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி முதல் அமல். லைசென்ஸைத்தான் விற்கிறீர்கள் என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள் என்கிறது. நல்லது. ஆனால் பிடுங்குவதை அது தடுக்கவில்லை, சொல்லிவிட்டுப் பிடுங்கு என்கிறது. வாடகை வீட்டுக்காவது தேதி போட்டு ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே வாங்கும்போது கெடு எது என்று சொல்வதே இல்லை. ‘தி க்ரூ’வுக்காக அதே கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டவர்கள் கேமின் உறையைப் படமெடுத்து நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அதிலிருந்த குறியீடு காலாவதியாகும் வருஷம் 2099.

கம்பெனிகளின் பதில் தெரிந்ததுதான். சர்வர் ஓட்டக் காசு ஆகும், பத்துப் பேருக்காக எத்தனை காலம் ஓட்டுவது? நியாயமான கேள்வி. ஆனால் அப்படி ஓட்டச் சொல்லி யாருமே கேட்கவில்லையே! இந்தக் கேம் செத்த கையோடு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கேட்பது ஒன்றுதான்: கடையை மூடு, போகும்போது விற்ற பொருளை ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போ. முடியாத காரியமா? 2023-இல் ‘நாக்அவுட் சிட்டி’யை மூடிய வேலன் ஸ்டூடியோஸ், ஆட்களே சொந்தமாகச் சர்வர் வைத்து ஆடிக்கொள்ளும் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. அது பெரிய கம்பெனிகூட இல்லை. யுபிசாஃப்டே, இத்தனை வசவுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் ‘தி க்ரூ 2’-க்கு ஆஃப்லைன் வசதி தருவோம் என்று அறிவித்தது. அப்போ முதல் கேமுக்கு என்ன கேடு?

நூலகங்கள் பாதுகாக்கட்டுமே என்பீர்கள். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்றைக்கு விலைக்கே கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்குச் சொன்னது. அப்படிக் கடையில் கிடைக்காத கேம்களை, நூலகம் வரை வராமல் ஆராய்ச்சியாளர்கள் தொலைவிலிருந்தே திறந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, பொழுதுபோக்குக்காக விளையாடிவிடுவார்களாம். அடப் பாவிகளா, துப்பறியும் நாவலை நூலகத்திலிருந்து எடுத்துப்போகிறவர் வேறு எதற்கு எடுத்துப்போகிறார்? ரசிப்பதற்காகப் படைத்த பொருளை யாரும் ரசித்துவிடக் கூடாது என்று பூட்டிவைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

இதனால் என்ன ஆகிறது? பாதுகாக்கிற வேலை முழுக்க, சட்டம் திருடன் என்று சொல்லக்கூடிய ஆட்களின் தலையில் விழுகிறது. 2012-இல் மூடிய ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ கேமை ரசிகர்கள் திருட்டுத்தனமாகத்தான் வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அதன் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களில் ஒரு குழுவுக்கே லைசென்ஸ் கொடுத்தது. நேற்றுவரை குற்றம், இன்றைக்கு அதிகாரபூர்வம். நடுவில் அந்தக் கோப்புகளைக் காப்பாற்றியது எந்தக் காப்பகமும் இல்லை.

‘தி க்ரூ’வையும் அப்படித்தான் மீட்டார்கள். கேமுக்கும் சர்வருக்கும் நடுவே ஓடிய தகவலை, சர்வர் நிற்பதற்கு முன்பே பதிவுசெய்து வைத்து, அதிலிருந்து சொந்தமாகச் சர்வர் எழுதினார்கள். 2025-இல் அது வெளிவந்தது. சம்பளம் கிடையாது, எப்போது வக்கீல் நோட்டீஸ் வருமோ தெரியாது. 2014-இல் கணினிக்கு வாங்கியவரால் இப்போது மறுபடியும் நியூயார்க்கிலிருந்து கிளம்ப முடிகிறது.